சிறுகுற்றம்: ஒரு சொல்லும் சில அணி உரிமையாளர்களும்

சற்று நீண்ட பதிவு, வாசிப்பவர்கள் பொறுத்தருள்க.

சட்டக் கலைச்சொற்களின் ஆங்கில–தமிழ்ப் பட்டியல் ஒன்றைச் சரிபார்த்துத் தரும் வேலை சில மாதங்களுக்கு முன் என்னிடம் வந்தது. ஆய்வேட்டின் இயல் ஒன்று பாதியில் நிற்கும்போது இத்தகைய வேலைகளுக்கு உடன்பட்டுவிடுவது என் பழைய பலவீனம். அப்பட்டியலில் ‘மிஸ்டிமீனர்’ என்னும் சொல்லுக்கு எதிரே இரண்டு பொருள்கள் இருந்தன: ‘சிறுகுற்றம்’, ‘தவறான நடத்தை’. முதலாவது சட்டப் பொருள். இரண்டாவது, சொல்லைப் பிரித்துப் பார்த்து யாரோ எழுதிய வேர்ப்பொருள். நீதிமன்றத்தில் அதற்கு வேலை இல்லை. அதனால் அடித்துவிட்டேன். அடித்தது சரிதானா என்ற ஐயம் பிறகுதான் எழுந்தது. அமெரிக்க விளையாட்டு அணி உரிமையாளர்கள் மீது வந்த வழக்குகளைப் படிக்க நேர்ந்ததே அதற்குக் காரணம்.

முதலில் சொல்லின் வரலாறு. பழைய ஆங்கிலப் பொதுச் சட்டத்தில் ‘ஃபெலனி’ என்பது உடைமையைப் பறிக்கும் குற்றம். குற்றவாளியின் நிலமும் பொருளும் போகும். பெரும்பாலும் உயிரும் போகும். அதற்குக் கீழ்ப்பட்ட அனைத்தும் ‘மிஸ்டிமீனர்’. ‘டிமீனர்’ என்றால் ஒருவர் நடந்துகொள்ளும் முறை. முன்னொட்டு அதைப் பிழையாக்குகிறது. ஆகவே அச்சொல் பிறந்தபோது நடத்தையைத்தான் குறித்தது. காலப்போக்கில் நடத்தை தேய்ந்து மறைந்து, தண்டனையின் அளவு மட்டும் மிஞ்சியது. இங்கிலாந்து இப்பாகுபாட்டையே 1967ஆம் ஆண்டுக் குற்றவியல் சட்டத்தின் மூலம் கைவிட்டுவிட்டது. அமெரிக்கா விடவில்லை. அங்குப் பெரும்பாலான மாநிலங்களில் ஓராண்டுக்கு மிகாத சிறைத்தண்டனைக்குரியவை சிறுகுற்றங்கள். அதற்கு மேற்பட்டவை பெருங்குற்றங்கள். 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டமோ இந்தப் பிரிவினையை ஏற்கவே இல்லை. பிடியாணை வேண்டுமா வேண்டாவா, பிணையில் விடலாமா கூடாதா என்பனவே நம் குற்றவியல் நடைமுறையின் கேள்விகள். தமிழில் அச்சொல்லுக்கு நிலைபெற்ற நிகர்ச்சொல் இல்லாததற்கு மொழியின் வறுமை காரணமன்று. அந்தப் பொருள் நம் சட்டத்தில் இல்லை, அவ்வளவே.

இனி உரிமையாளர்கள். அமெரிக்காவில் ஓர் அணியை வாங்குபவர் கடையொன்றை வாங்குவதைப்போல் வாங்குவதில்லை. அவர் ஒரு கூட்டமைப்பில் உறுப்பினராகிறார். அதன் அமைப்பு விதிகளுக்குக் கையெழுத்திடுகிறார். அவ்விதிகளில் மையமான சொல் ‘குற்றம்’ அன்று, ‘நடத்தை’. ஆட்டத்தின் நேர்மைக்கோ அதன்மேல் பொதுமக்கள் வைத்த நம்பிக்கைக்கோ ஊறு செய்யும் நடத்தை எதுவாயினும் கூட்டமைப்பின் ஆணையர் தண்டிக்கலாம். நீதிமன்றம் குற்றவாளி என்று சொல்லியிருக்க வேண்டும் என்பதில்லை. நீதிமன்றம் மறந்த வேர்ப்பொருளைக் கூட்டமைப்பு பத்திரமாக வைத்திருக்கிறது என்று இதைச் சொல்லலாம். ஆனால் அந்த ஆணையரை நியமிப்பவர்களும் அவருக்குச் சம்பளம் தருபவர்களும் இதே உரிமையாளர்கள்தாம். இதை மறந்துவிட்டு மேலே படித்தால் பின்வருவன எதுவும் விளங்காது.

நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் அணியின் ஜார்ஜ் ஸ்டைன்பிரென்னரிடமிருந்து தொடங்குவோம். நிக்சனின் தேர்தலுக்குச் சட்டவிரோதமாக நன்கொடை அளித்த வழக்கில் 1974இல் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அது பெருங்குற்றம். நீதிமன்றம் 15,000 டாலர் அபராதம் விதித்தது; சிறை இல்லை. பேஸ்பால் ஆணையர் போவி கூன் இரண்டாண்டு விலக்கி வைத்தார். அது பின்னர் 15 மாதமாகக் குறைந்தது. 1989 ஜனவரியில் ரீகன் பொதுமன்னிப்பும் வழங்கினார். அடுத்த ஆண்டே அதே மனிதர் மீண்டும் சிக்கினார். தம் அணியின் ஆட்டக்காரர் டேவ் வின்ஃபீல்டைப் பற்றி இழிவான செய்திகளைத் திரட்டித் தரச் சூதாட்டக்காரர் ஒருவருக்கு அவர் 40,000 டாலர் கொடுத்திருந்தார். இதற்காக ஸ்டைன்பிரென்னர் மீது எந்தக் குற்றச்சாட்டும் பதிவாகவில்லை. ஆயினும் அணி நிர்வாகத்திலிருந்து அவர் விலக வேண்டியதாயிற்று. 1993இல்தான் திரும்ப முடிந்தது. பெருங்குற்றத்துக்கு 15 மாதம். குற்றமே இல்லாத நடத்தைக்கு ஏறத்தாழ இரண்டரை ஆண்டு. சட்டத்தின் ஏணியும் கூட்டமைப்பின் ஏணியும் ஒன்றன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் கண்டதில்லை.

அப்படியானால் இரண்டாவது ஏணியின் படிகளை எது தீர்மானிக்கிறது? 2014ஆம் ஆண்டு இதற்கு ஓரளவு விடை தருகிறது.

அவ்வாண்டு மார்ச் 16 இரவு, இண்டியானா மாநிலத்தின் கார்மல் நகரில் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் அணியின் உரிமையாளர் ஜிம் அர்சேயின் காரைக் காவலர்கள் நிறுத்தினர். காரில் மருத்துவர் சீட்டுக்கு மட்டுமே கிடைக்கும் மாத்திரைகளும் 29,000 டாலருக்கு மேற்பட்ட ரொக்கமும் இருந்தன. காவல் நிலையத்தில் புகைப்படம் எடுக்கப்பட்டது. அது மறுநாளே நாடெங்கும் பரவியது. தொடக்கத்தில் போதைமருந்து வைத்திருந்ததாகப் பெருங்குற்றங்கள் பேசப்பட்டன. மே மாதம் முறைப்படி வழக்குப் பதிவானபோது அவை இரண்டு சிறுகுற்றங்களாகச் சுருங்கின. செப்டம்பர் 2 அன்று, போதையில் வாகனம் ஓட்டிய ஒரு குற்றத்தை அவர் ஒப்புக்கொண்டார்; ஓராண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும், ஓராண்டு ஓட்டுநர் உரிமம் நிறுத்தமும் கிடைத்தன. அதே நாளில் அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பான என்.எஃப்.எல். தன் தண்டனையை அறிவித்தது: ஆறு ஆட்டங்களுக்கு விலக்கம், 5 லட்சம் டாலர் அபராதம். விதிகள் அனுமதித்த உச்ச அபராதம் அதுவே. விலக்கத்தின்போது அணி பற்றியோ கூட்டமைப்பு பற்றியோ சமூக ஊடகத்தில் எழுதவும் தடை. ட்விட்டரில் ஓயாது எழுதிக்கொண்டிருந்த மனிதருக்கு அதுவும் ஒரு வகைச் சிறைதான்.

அர்சே வலிநிவாரணி மருந்துகளுக்கு அடிமைப்பட்டிருந்ததை முன்பே வெளிப்படையாகச் சொன்னவர். கைதானதும் சிகிச்சைக்குச் சென்றார். சட்டப்படி ஓராண்டில் முடிந்த வழக்கு அது. ஆனால் 2023இல், தாம் பணக்கார வெள்ளையர் என்பதாலேயே கைது செய்யப்பட்டதாக ஒரு தொலைக்காட்சி நேர்காணலில் சொன்னார். கார்மல் காவல் துறை மறுத்தது. 2025 மே மாதம் அவர் காலமானபோது வந்த இரங்கல் குறிப்புகளிலும் 2014 மார்ச் இடம்பெறாமல் போகவில்லை. சிறுகுற்றத்துக்குக் காலாவதி உண்டு. பெயரில் ஒட்டியதற்கு இல்லை.

அர்சே கைதாகி ஆறு வாரங்கள்கூட ஆகவில்லை, கூடைப்பந்துக் கூட்டமைப்பான என்.பி.ஏ.வில் டொனால்ட் ஸ்டெர்லிங் விவகாரம் வெடித்தது. லாஸ் ஏஞ்சலிஸ் கிளிப்பர்ஸின் உரிமையாளரான அவர், தம் வீட்டுமனைகளில் கறுப்பினத்தவருக்கும் இலத்தீன அமெரிக்கருக்கும் வாடகைக்கு விடுவதில் பாகுபாடு காட்டியதாக அமெரிக்க நீதித்துறை தொடுத்த உரிமையியல் வழக்கை 2009இல் சுமார் 27 லட்சம் டாலர் கொடுத்து முடித்திருந்தார். அப்போது கூட்டமைப்பு அவரைத் தொடவில்லை. 2014 ஏப்ரலில் அவர் தனிப்பட்ட முறையில் பேசிய இனவெறிப் பேச்சின் ஒலிப்பதிவு வெளியானது. எந்தக் குற்றச்சாட்டும் இல்லை. நான்கே நாள்களில் ஆயுட்காலத் தடையும் 25 லட்சம் டாலர் அபராதமும் வந்தன. கோடைக்குள் அணி 200 கோடி டாலருக்குக் கைமாறியது. நூற்றுக்கணக்கான குடும்பங்களின் வீட்டுரிமை தொடர்பான ஆவணம் செய்யாததைச் சில நிமிட ஒலிப்பதிவு செய்தது.

அதே செப்டம்பரில், கால்பந்தாட்டக்காரர் ரே ரைஸ் தம் வருங்கால மனைவியைத் தாக்கிய நிகழ்ச்சியின் மின்தூக்கிக் காணொளி வெளிவந்தது. அடித்தார் என்பது அதற்கு முன்பே தெரிந்த செய்தி. தண்டனை இரண்டு ஆட்டங்கள். காணொளி வந்த நாளிலேயே அது காலவரையற்ற விலக்கமாயிற்று. செய்தி மாறவில்லை, அதைப் பார்க்க முடிந்தது என்பதே மாறியது.

இந்தப் பின்னணியோடு 2019க்கு வருவோம். நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் அணியின் ராபர்ட் கிராஃப்ட் 1994இல் அதை 17.2 கோடி டாலருக்கு வாங்கியவர்; 2019 பிப்ரவரி 3 அன்று அந்த அணி தன் ஆறாவது சூப்பர் பவுலை வென்றது. பத்தொன்பதாம் நாள், பிப்ரவரி 22 அன்று, ஃபுளோரிடாவின் ஜூபிட்டர் நகரக் காவல் துறை அவர் பெயரை அறிவித்தது. மசாஜ் நிலையம் ஒன்றில் ஜனவரி 19, 20 ஆகிய நாள்களில் பணம் கொடுத்துப் பாலியல் சேவை பெற்றார் என்பது குற்றச்சாட்டு. இரண்டாம் நாள், அவருடைய அணி கன்சாஸ் சிட்டியில் அரையிறுதிக்கு நிகரான ஆட்டத்தை ஆடிய நாள். முதல்நிலைச் சிறுகுற்றங்கள் இரண்டு. ஒவ்வொன்றுக்கும் உச்சம் ஓராண்டு சிறை. ஜூபிட்டரில் மட்டும் அவரோடு சேர்த்து 25 ஆண்கள் மீது வழக்கு.

குற்றப்பத்திரிகையில் இருந்த சொல் இதுதான். ஆனால் அந்த வாரம் நாளிதழ்களில் ஓங்கி ஒலித்த சொல் வேறு: ‘மனிதக் கடத்தல்’. காவல் அதிகாரிகளும் அரசு வழக்கறிஞரும் செய்தியாளர் கூட்டங்களில் அடிமைத்தனத்தைப் பற்றிப் பேசினர். ஏப்ரலில், அதே அரசுத் தரப்பு நீதிமன்றத்தில் இந்த விசாரணையில் மனிதக் கடத்தல் எதுவும் வெளிப்படவில்லை என்று ஒப்புக்கொண்டது. இரண்டு மாதம் அச்சொல் காற்றில் நின்றது. திரும்பப் பெறப்பட்டபோது முதல் பக்கத்தில் அதற்கு இடமில்லை. குற்றப்பத்திரிகையில் இல்லாத ஒரு சொல்லே பெயருக்கு மிகப் பெரிய சேதத்தைச் செய்தது என்பதை மொழியியல் படித்தவர்கள் தனியே குறித்துக்கொள்ள வேண்டும்.

மார்ச் மாதம் கிராஃப்ட் ஒரு மன்னிப்பு அறிக்கை வெளியிட்டார். குடும்பத்தையும் நண்பர்களையும் ரசிகர்களையும் புண்படுத்தியதற்கு வருந்தினார். செய்தது இன்னது என்று சொல்லவில்லை. நீதிமன்றத்திலோ குற்றமற்றவர் என்றே வாதிட்டார். இரண்டு அவைகள், இரண்டு மொழிகள். நடத்தைக்கு வருத்தம், குற்றத்துக்கு மறுப்பு. அடித்துவிட்ட அந்த வேர்ப்பொருள் இங்கேதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

வழக்கை எளிதில் முடிக்க வழி இருந்தது. சமூக சேவை முதலிய நிபந்தனைகளை ஏற்று, விசாரணை நடந்திருந்தால் குற்றம் மெய்ப்பிக்கப்பட்டிருக்கும் என்றும் ஒப்புக்கொண்டால் வழக்கைக் கைவிடுவதாக அரசுத் தரப்பு முன்வந்தது. சிறுகுற்ற வழக்குகளில் பெரும்பாலானோர் இத்தகைய ஏற்பாட்டுக்கு உடன்பட்டு வீட்டுக்குப் போவார்கள். வழக்கறிஞருக்குக் கொடுக்கும் பணம் அபராதத்தைவிட அதிகம் அல்லவா. கிராஃப்ட் மறுத்தார். நாட்டின் முன்னணி வழக்கறிஞர்களை அமர்த்தினார். அவர்கள் குற்றத்தைப் பற்றிப் பேசவில்லை; காணொளியைப் பற்றிப் பேசினர்.

அந்தக் காணொளி எப்படி எடுக்கப்பட்டது? காவல் துறை நீதிபதியின் ஆணை பெற்று, வெடிகுண்டு அச்சம் என்று சாக்குச் சொல்லி நிலையத்தைக் காலி செய்துவிட்டு, அறைகளில் மறைகேமராக்களைப் பொருத்தியது. கேமராக்கள் இடைவிடாது பதிவு செய்தன. முதுகுவலிக்கு மசாஜ் செய்துகொள்ள வந்த, எந்தக் குற்றமும் செய்யாத பெண்களும் ஆண்களும் ஆடையற்ற நிலையில் அதில் பதிவாயினர். தொலைபேசி ஒட்டுக்கேட்பில், வழக்குக்குத் தொடர்பில்லாத பேச்சு வந்தால் கேட்பதை நிறுத்திவிட வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டத்தின் நெடுநாள் விதி. காணொளிக் கண்காணிப்புக்கும் அது பொருந்தும் என்று கூட்டரசு மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் கூறியுள்ளன. ஜூபிட்டரில் அந்தக் கட்டுப்பாடு ஆணையிலும் இல்லை, செயலிலும் இல்லை. 2019 மே மாதம் நீதிபதி லெனார்ட் ஹான்சர் காணொளியைச் சான்றாக ஏற்க மறுத்தார். 2020 ஆகஸ்ட் 19 அன்று மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதி செய்தது. குற்றம் செய்தவர் சிலர் இதனால் தப்பக்கூடும் என்பதை அந்த அமர்வு மறைக்கவில்லை. செப்டம்பர் 24 அன்று வழக்குக் கைவிடப்பட்டது. மற்ற ஆண்கள் மீதான வழக்குகளும் உடன் போயின. 2021 ஜனவரியில், காணொளிகளை அழித்துவிடுமாறு கூட்டரசு நீதிபதி ஒருவர் ஆணையிட்டார். ஊடக நிறுவனங்கள் கேட்டும் அவை வெளியிடப்படவில்லை.

இந்தத் தீர்ப்பை நான் சரியானது என்றே கருதுகிறேன். சிறுகுற்றம் ஒன்றைப் பிடிக்க அரசு மசாஜ் மேசைக்கு மேல் கேமரா வைக்கலாம் என்றால், அது வேறு எங்கும் வைக்கப்படும். ஆனால் சரியான தீர்ப்பு எப்படிக் கிடைத்தது என்பதும் வரலாற்றின் பகுதிதான். அந்த உரிமை மனிதர் எல்லோருக்கும் எப்போதும் இருந்தது. அதைக் கேட்டுப் பெறச் செலவழிக்கத்தக்க ஒருவர் பட்டியலில் தற்செயலாக இருந்தார்.

கூட்டமைப்பு என்ன செய்தது? உண்மைகள் முழுதும் தெரியட்டும், விதிகள் எல்லோருக்கும் பொதுவானவை என்ற கருத்தில் ஆணையர் ராஜர் குடெல் பேசினார். அர்சேக்கு ஆறு ஆட்டங்கள் விதித்தவரும் அவரே. 2014 டிசம்பரில் திருத்தப்பட்ட நடத்தைக் கொள்கை, உரிமையாளர்களைக் கூடுதலாக உயர்ந்த அளவுகோலால் அளக்க வேண்டும் என்கிறது. நீதிமன்றம் தண்டிக்காதது விடுதலைக்குப் போதாது என்றும் சொல்கிறது. கிராஃப்டுக்கு எந்தத் தண்டனையும் வரவில்லை. அர்சே குற்றத்தை ஒப்புக்கொண்டார், கிராஃப்ட் ஒப்புக்கொள்ளவில்லை என்று வேறுபாடு காட்டலாம். கொள்கையின் எழுத்து அந்த வேறுபாட்டை ஏற்பதில்லை. எனக்குப் படும் காரணம் எளியது. அர்சேக்கு ஒரு புகைப்படம் இருந்தது, ஸ்டெர்லிங்குக்கு ஒரு குரல் இருந்தது, ரைஸுக்கு ஒரு காணொளி இருந்தது. கிராஃப்டின் காணொளியை யாரும் பார்க்கவில்லை. பொதுமக்களின் நம்பிக்கை என்று விதியில் எழுதியிருப்பதைப் பொதுமக்களின் பார்வை என்றே கூட்டமைப்புகள் வாசித்து வந்திருக்கின்றன. வழக்கு நிலுவையில் இருந்த ஜூன் மாதத்திலேயே ஜெருசலேமில் அவருக்கு ஜெனசிஸ் விருது வழங்கப்பட்டது.

நம் நாட்டு நண்பர்கள் இவ்விடத்தில் 2013ஐ நினைப்பார்கள், நினைப்பது சரியே. பந்தயம் கட்டுவது மட்டும் என்றால், காலனியக் காலச் சூதாட்டத் தடைச் சட்டங்களில் அதற்குரிய தண்டனை அற்பம். ஆனால் 2015இல் நீதிபதி லோதா குழு சென்னை சூப்பர் கிங்ஸ் அணியையும் ராஜஸ்தான் ராயல்ஸையும் இரண்டாண்டு விலக்கியது. குருநாத் மெய்யப்பனுக்கும் ராஜ் குந்த்ராவுக்கும் கிரிக்கெட்டில் ஆயுட்காலத் தடை. அங்கும் ஒரு சொல்லைச் சுற்றியே போராட்டம். குருநாத் அணியின் நிர்வாகி அல்லர், வெறும் ‘ஆர்வலர்’ என்று அணித் தரப்பு வாதிட்டது. முத்கல் குழு அதை ஏற்கவில்லை. ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள்: அமெரிக்காவில் உரிமையாளர்கள் தங்களுக்குள் தீர்த்துக்கொண்டதை இங்கு உச்ச நீதிமன்றம் வெளியிலிருந்து வந்து தீர்த்தது. வாரியத் தலைவரே அணி உரிமையாளர் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராக இருந்தபோது வேறு வழி இருந்ததாகத் தெரியவில்லை. இதைத் தனிப் பதிவாக எழுத வேண்டும். இங்கு இவ்வளவு போதும்.

கடைசியாக, ஜூபிட்டர் வழக்கைப் பற்றிய கட்டுரைகளில் இரண்டொரு வரியில் முடிந்துவிடும் பெண்களைப் பற்றி. மசாஜ் நிலையத்தை நடத்தியவரும் அங்கு வேலை செய்தவர்களும் சீனாவிலிருந்து வந்த பெண்கள். முதலில் கடத்தலுக்கு இரையானவர்கள் என்று காவல் துறை பேசிய அதே வழக்கில் அவர்களில் சிலரே கைதாயினர். பெருங்குற்றமும் அவர்கள்மேல் சுமத்தப்பட்டது. காணொளியை விலக்கிய மேல்முறையீட்டுத் தீர்ப்பு அவர்கள் வழக்குக்கும் பொருந்தியது. ஆயினும் அவர்களுக்கு அது முழு விடுதலையாக அமையவில்லை. பெருங்குற்றம் கைவிடப்பட்டது, சிறுகுற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினார்கள். ஆக, அந்த வழக்கில் சிறுகுற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டவர்கள் என்று ஏட்டில் இருப்பவர்கள் அவர்கள். கிராஃப்ட் காவலில் வைக்கப்படவே இல்லை. ஆகவே காவல் நிலையப் புகைப்படம் என்று அவருக்கு ஒன்று இல்லை. அப்பெண்களின் படங்கள் இன்றும் இணையத்தில் தேடினால் கிடைக்கின்றன.

பட்டியலைத் திருப்பி அனுப்ப இன்னும் நான்கு நாள் இருக்கிறது. அடித்த பொருளை மீண்டும் எழுதி, ‘வழக்கிழந்தது’ என்று குறிப்பதா வேண்டாவா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். சட்டத் தமிழில் பயிற்சி உள்ளவர்கள் கருத்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.